பசை விசாரணை

வாசகரே, மனிதரில் 'விசாரித்துச் செய்கிறவர்' என்று ஒரு ரகம் உண்டு. செருப்பு வாங்க நாலு ஊர் விசாரிப்பார். விசாரித்து முடிப்பதற்குள் வெறுங்காலோடு நடக்கப் பழகிவிடுவார்.

நமக்குக் கிடைத்திருப்பவர் விஸ்வநத்தம் சங்கரபாண்டியன். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். சிமெண்ட் பாலில் ஒட்டியிருந்த அவர் வீட்டுக் குளியலறை டைல்ஸ் ஒருநாள் கழன்று, குளித்துக்கொண்டிருந்த மனைவி முருகேஸ்வரியின் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. மிச்சத்தையும் பெயர்த்துப் போட்டார்கள்.

"இந்தத் தடவை நல்ல பசையா விசாரிச்சு ஒட்டிருவோம்" என்றார் சங்கரபாண்டியன்.

'விசாரிச்சு' என்றதுமே முருகேஸ்வரி பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாள். அவள் கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவள். சாயங்காலம் வீடு திரும்பும்போது கையும் கழுத்தும் வெள்ளிப் பூச்சாக மின்னும், பிறகு எரியும். சுவர் முடியும்வரை வாளியும் துண்டுமாகப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் போய்க் குளித்து வந்தாள்.

விசாரணை தொடங்கியது. வேனில் ஏறிய பதினெட்டுப் பெண்களையும் கேட்டார். செல்போனில் எந்த நாட்டுக்காரனோ எந்தச் சுவரிலோ ஒட்டுவதை வாய் பிளந்து பார்த்தார். சிமெண்ட் பாலே போதும் என்ற மாமனிடம் தலையாட்டினார். டப்பாவில் குழைத்தே வரும் பசைதான் சுத்தம் என்ற மச்சானிடமும் தலையாட்டினார். ஓயாமல் தண்ணீர் படுகிற சுவருக்கு அது இரண்டும் ஆகாது, மூட்டையில் தூளாக வரும் பசைதான் என்ற விருதுநகர்க் கடைக்காரர் நவ்ஷாத்திடம் இன்னும் பலமாக ஆட்டினார். எல்லோரும் சொன்னது சரியாகவே பட்டது. அதுதானே வியாதி!

ஒருவழியாகக் கொத்தனார் இசக்கிப்பாண்டி வந்தார். நீர் கசியாத பூச்சு அடித்துக் காயவிட்டு, மறுநாள் மூட்டையைப் பிரித்து வாளியில் பசை குழைத்தார். முதல் டைலை எடுத்ததும் சங்கரபாண்டியன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா. இது வழுவழு டைல்ஸு, தண்ணியே உறிஞ்சாது. இதுல பிடிக்குமா?"

"இதுக்குன்னே உள்ள பசைதான் அண்ணாச்சி."

"எதுக்கும் நவ்ஷாத்துக்கு ஒரு போன் போட்டுருவோம்."

நவ்ஷாத்துக்குப் பிறகு மாமன், மாமனுக்குப் பிறகு மச்சான். மூன்றாவது போன் முடிந்தபோது கரண்டி வாளிக்குள் தானாக நிமிர்ந்து நின்றது.

"கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கேன்."

"இறுகுனதுல தண்ணி ஊத்துனா ஒட்டாது அண்ணாச்சி. நீங்க விசாரிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று சாமானைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை தொடங்கிய நாற்பதாம் நாள் செல்லத்தாய் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முருகேஸ்வரி கழுத்து எரிய எரிய வாசலிலேயே நின்றாள். "யாரு இவுக?" என்று ஒருத்தி கேட்டாள். "பக்கத்து வீடு. அவுக வீட்டுல இன்னும் பசை விசாரிக்காக" என்றாள் செல்லத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். முருகேஸ்வரி குளிக்காமலே திரும்பினாள்.

"விசாரிச்சாச்சா?"

"இன்னும் ஒரே ஒருத்தரு. ஞாயித்துக்கிழமை விருதுநகர் போய்ப் பார்த்துட்டா முடிஞ்சது."

ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறிய கையோடு அவள் இசக்கிப்பாண்டிக்குப் போன் போட்டாள். அதே பசையில் புது மூட்டை வந்தது.

"ஈரச் சுவருக்கு, இந்த டைல்ஸுக்குன்னு இதுல போட்டிருக்கா தம்பி?"

"போட்டிருக்குக்கா."

"தண்ணி அளவு?"

"அதுவும் போட்டிருக்கு."

"பிறகு என்னத்த விசாரிக்க?"

குழைத்ததை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "மத்தாப்பு மருந்து மாதிரிதான். இளகுனா வழியும், இறுகுனா பிடிக்காது. இப்ப சரியா இருக்கு. ஒட்டு."

மூன்று புது யோசனைகளோடு சங்கரபாண்டியன் திரும்பியபோது கடைசி வரிசை ஏறிக்கொண்டிருந்தது. "தொட்டுறாதீக அண்ணாச்சி, காயணும்!" என்று கத்தினார் இசக்கிப்பாண்டி. மனுஷன் இரண்டு நாள் பொறுத்திருந்து, ஒவ்வொரு டைலாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒன்றாவது சரியாக ஒட்டாமல் பொள்ளென்று ஒலிக்காதா? ஒலிக்கவில்லை. முகம் தொங்கிப்போனது.

இடுக்கெல்லாம் அடைத்துக் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் முருகேஸ்வரி சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் வழிவிட வேண்டிய அவசரமில்லாமல், கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள்.

"ரொம்பத் தண்ணி ஊத்தாத! இன்னும் மூணு வாரம் காயணும்னு ஒருத்தரு சொல்றாரு!" என்றார் வெளியே நின்றவர்.

உள்ளே இன்னொரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

மறுநாள் வேனில் அவர் குரல் கணீரென்று இருந்தது: "நாப்பது நாளு விசாரிச்சோம்ல, அதான் அம்புட்டுக் கெட்டியா நிக்கி!"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், இசக்கிப்பாண்டி பிரித்த அந்த மூட்டை எந்தக் கம்பெனி, பெயரைச் சொல்லவே இல்லையே என்று நடுவில் ஒருமுறை உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் எது பாதியில் நிற்கிறதென்று எழுந்துபோய்ப் பாருங்கள். யாரையும் கேட்காமல்.