குருவிக்கு அறிக்கை வாசித்த றைவர்

மன்னார்த் தீவுக்குள் போகும் காலை பஸ்ஸில் ஏறிய எவரும் ஒரு தடவையாவது ஒரு குருவிக்குச் சாட்சி சொல்லாமல் மறுகரை சேர்ந்ததில்லை. கோட்டில் சாட்சிக்கூண்டு ஏறப் பயந்து காணி வழக்கையே கைவிட்டவர்கள்கூட, எங்கள் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று, வலது கையை உயர்த்தி, "ஓம், நான் கண்டனான். கால் பச்சை. சொண்டு மேல்பக்கமா வளைஞ்சது" என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த பஸ்ஸின் றைவர். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் டிப்போவில் சம்பளம் கொடுப்பவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் 'சாட்சி அண்ணை'.

போன கிழமை என் மகள் வீட்டுக்கு வரப் பிந்தினாள். அன்றிலிருந்து அவர் நினைவாகவே இருக்கிறது. மகள் முருங்கனில் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் எடுத்தால் தேத்தண்ணி வேளைக்குத் தீவிலுள்ள எங்கள் வீட்டில் நிற்பாள். அன்று பஸ் வந்தது, அவள் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. பிள்ளை பிந்துவது மற்ற ஊர்களில் சாதாரண விஷயம். யுத்த காலத்தில் இந்தக் கரையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது செருப்பும் போடாமல் றோட்டுக்கு ஓடுகிற விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சாட்சி அண்ணை.

நான் அப்போது உயிலங்குளத்திலிருந்து தீவிலுள்ள கன்னியர் மடப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த பெட்டை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும்தான். அந்தச் சேற்றில் உலகத்துக் குருவியெல்லாம் நிற்கும். மற்ற றைவர்மார் அதைக் கடந்து போனார்கள். சாட்சி அண்ணை நிறுத்தினார்.

அவருடைய கியர்க் கம்பில் ஒரு தூரக்கண்ணாடி தொங்கும். அதன் வலது பக்கம் எப்போதோ விழுந்து குருடாகிவிட்டது. இடது கண்ணால் மட்டும்தான் பார்க்கலாம். "நல்லதுதானே" என்பார். "ஒரு கண் குருவிக்கு, மற்றக் கண் றோட்டுக்கு."

மாசி போய்ப் பங்குனி பிறந்தால் அவருக்கு நித்திரை இல்லை. ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்த குருவிகள் திரும்பிப் போகிற காலம் அது. வரும்போது சாயம்போன சீலை மாதிரி வந்தவை, போகும்போது சிவப்பும் கறுப்பும் பொன்னிறமுமாக உடுத்திக்கொண்டு நிற்கும். அதை அவர் விளங்கிக்கொண்ட விதமே வேறு.

"இதுகள் போறது கலியாணத்துக்கு. எங்கட மாதா கோயில்ல கலியாணம் எண்டா என்ன செய்யிறம்? மூண்டு ஞாயிறு சுவாமி அறிக்கை வாசிக்கிறார். தடை தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு கேக்கிறார். சாட்சிக்கு ரெண்டு பேர் நிக்கினம். ஒரு அறிக்கையும் இல்லாமல் இதுகளை அனுப்பலாமோ?"

ஆகவே தாம்போதி நடுவில் எஞ்சினை நிற்பாட்டி, இருக்கையிலிருந்து எழும்பி, பயணிகள் பக்கம் திரும்பி, பங்குச் சுவாமியின் குரலிலேயே தொடங்குவார்.

"அறிக்கை! இடது கைப் பக்கம், மூண்டாவது கம்பத்துக்கு நேரே நிக்கிற குருவி, வடக்கே போகிற கல்லுப்பொறுக்கி எண்டு நான் சொல்லுறன். இதுக்குத் தடை அறிஞ்சவை ஆரும் இருந்தால் இப்ப சொல்லலாம்."

தடை சொல்வதற்கென்றே பஸ்ஸில் ஒருவர் இருந்தார். மன்னார்க் கோட்டுக்கு வழக்குப் பேசப் போகிற புறக்கிராசியார். "தடை உண்டு!" என்று குடையை உயர்த்துவார். "சூரியன் முகத்துக்கு நேரே நிக்குது. அது கல்லுப்பொறுக்கியோ கல்லோ எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

"கல்லு நடக்குமோ ஐயா?"

"நடந்ததைக் கண்ட சாட்சி ஆர்?"

கொண்டக்டர் நிசாம் நானா நெற்றியில் அடித்துக்கொள்வார். "யா அல்லாஹ்! கச்சேரிக்கு அரசாங்க அலுவலாப் போற ஆக்கள் நிக்கினம், மடத்துப் பிள்ளையள் நிக்குதுகள். ரெண்டு பேரும் கோட்டு வழக்கை பஸ்ஸுக்குள்ள கொண்டு வந்திட்டீங்களே!" பிறகு அவரே யன்னலால் எட்டிப் பார்த்து, "நடக்குது, நடக்குது, நான் கண்டன். எடுங்கோ பஸ்ஸை" என்பார்.

இந்தச் சாட்சிப் பைத்தியத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது. கொழும்பில் ஒரு கனவான், நாட்டில் எங்கெங்கே அபூர்வமான பறவை வந்தது என்று வரும் செய்திகளைச் சேர்த்து வைப்பவர். சாட்சி அண்ணை அவருக்குத் தபாலட்டை எழுதுவார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'ஒருவர் மட்டும் கண்டதாக உள்ளது. ஏற்றுக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம்.'

"ஒருத்தன் கண்டால் கண்டதில்லையாம்" என்று அவர் மனம் நொந்துபோனார். "மன்னார் எண்டா கொழும்பில என்ன சொல்லுறாங்கள்? கழுதையும் கருவாடும். எங்கட கடலிலயும் ஒரு நல்ல குருவி வந்து நிண்டது எண்டு ஒரு வரி எழுதட்டன். ஒரே ஒரு வரி. அது போதும் எனக்கு."

அந்த ஒரு வரிக்காகத்தான் பஸ் முழுக்கச் சாட்சியாயிற்று. முதல் தடவை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். நறுவிலிக்குளத்திலிருந்து கத்தரிக்காய்க் கடகத்தோடு வரும் மத்தலேனா அக்கா, தன் பெயரோடு செத்துப்போன புருசனின் பெயரையும் போடுவித்தார். "அந்த மனுசன் இருந்திருந்தால் யன்னல் பக்கம்தான் இருந்திருக்கும், கட்டாயம் கண்டிருக்கும்." அட்டை கொழும்புக்குப் போனது. பதிலும் வந்தது: 'உங்கள் ஊரவர் அனைவருக்கும் எமது வணக்கம். என்ன பறவை?'

கையெழுத்து போட்ட அவசரத்தில் குருவியின் பெயர் எழுத இடம் வைக்கவில்லை.

இதைக்கூடக் கொழும்புக் கனவான் மன்னித்திருப்பார். நீலக் காகத்தைத்தான் மன்னிக்கவில்லை.

ஒரு நாள் காலை, தாம்போதி ஓரத்துக் கம்பத்தில், தலையிலிருந்து வால்வரை பளபளவென்று நீலமாக ஒரு குருவி இருந்தது. பஸ் ஒரு பக்கம் சரியும்படி எல்லோரும் யன்னலுக்கு ஓடினோம். புறக்கிராசியாருக்கே தடை சொல்ல வாய் வரவில்லை. அறிக்கை மூன்று தரம் வாசிக்கப்பட்டது. இந்த முறை பெயர் எழுத இடம் விட்டு அட்டை அனுப்பப்பட்டது. ஆனால் பெயர் தெரியாததால் 'நீலம்' என்று மட்டும் எழுதினார்கள். அடுத்த கிழமை கனவானின் ஆள் ஒருவர் ரயில் ஏறி வந்து இறங்கினார். அந்தக் கம்பத்துக்குக் கீழேயே ஒருவர் தன் வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். "காகமோ? ஓம், டின்னுக்குள்ள விழுந்தது. நான்தான் தூக்கி விட்டனான்" என்றார் சந்தோசமாக.

நாங்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. காகம் உண்மையிலேயே நீலம்தான். ஆனாலும் இனி மன்னாரிலிருந்து அறிக்கை அனுப்ப வேண்டாம் என்று கொழும்பிலிருந்து எழுதிவிட்டார்கள். வந்தவர் டிப்போவிலும் ஒரு வார்த்தை போட்டிருக்க வேண்டும். தாம்போதியில் இனி ஒரு முறை தன்பாட்டில் பஸ்ஸை நிறுத்தினால் றைவர் வீட்டுக்குப் போகலாம் என்று கட்டளை வந்தது. சாட்சி அண்ணைக்கு வீட்டில் நாலு பெட்டைகள்.

அதன் பிறகு பஸ் நேரத்துக்குப் போனது. அதைப்போலச் சலிப்பான பயணம் என் வாழ்க்கையில் இல்லை. அவர் றோட்டை மட்டும் பார்த்தார். தூரக்கண்ணாடி கியர்க் கம்பில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. புறக்கிராசியார் தடை சொல்ல எதுவுமில்லாமல் குடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நித்திரை கொண்டார்.

பங்குனி முடிகிற ஒரு காலை. டிப்போவிலிருந்து ஒரு செக்கர் ரிக்கற் பார்க்க ஏறியிருந்தார். பஸ் தாம்போதியில் ஏறியதும் ஒரு கணம் தயங்கியது, பிறகு வேகம் எடுத்தது. நிசாம் நானா முன்னுக்குப் போய்க் குனிந்தார். அடுத்த இருக்கையிலிருந்த எனக்கும் மத்தலேனா அக்காவுக்கும் எல்லாம் கேட்டது.

"என்ன றைவர், கண்ணுக்குள்ள தண்ணி?"

"காத்து."

"யன்னல் கண்ணாடி பூட்டித்தானே கிடக்கு."

"பூநாரைக் கூட்டத்துக்கு நடுவில ஒண்டு சின்னன்" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். "சொண்டு கருஞ்சிவப்பு. அது வேற சாதி. இந்தக் கடலில நான் ஒரு நாளும் காணேல்ல. நீ போ நானா. எனக்கு வேலை வேணும்."

மத்தலேனா அக்கா கடகத்தை என் மடியில் வைத்தார். எழும்பினார். மணிக்கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்.

மணி அடித்தால் பஸ் நிற்க வேண்டும். நின்றது.

"இங்க ஆர் இறங்கிறது?" என்று செக்கர் பாய்ந்து வந்தார். "ரெண்டு பக்கமும் கடலெல்லோ!"

"நான்தான். ரிக்கற் எடுத்தனான். எங்க இறங்கிறது எண்டது என்ர விருப்பம்."

செக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். நித்திரையிலிருந்து எழும்பிய புறக்கிராசியார் குடையை உயர்த்தினார். "தடை இல்லை. சட்டப்படி சரி. நானும் இறங்கிறன்."

எங்கள் பள்ளிக்கூடத்து மதர் வெள்ளை உடுப்பைக் கையால் ஒதுக்கிக்கொண்டு எழும்பினார்.

"மதர், நீங்களுமோ? மடம் இன்னும் எவ்வளவு தூரம்!" என்றார் செக்கர்.

"தவக்காலம்தானே மகன். கொஞ்சம் நடந்தால் ஆத்துமாவுக்கு நல்லது."

பஸ்ஸே காலியாயிற்று. ஸ்ரியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி சாட்சி அண்ணை மட்டும் இருந்தார், பக்கத்தில் செக்கர்.

"நான் நிப்பாட்டேல்ல ஐயா. மணி அடிச்சுது."

கரையிலிருந்து மத்தலேனா அக்கா கத்தினார். "அண்ணை, இது குஞ்செல்லோ! தாயோட ஒட்டிக்கொண்டு நிக்குது!"

"குஞ்செண்டால் சாம்பல் நிறமடி!" அவர் யன்னலால் அரைவாசி வெளியே வந்துவிட்டார். "அது தாயை விடச் சிவப்பு! சொண்டைப் பாருங்கோ, சொண்டை!"

செக்கருக்கும் பொறுக்கவில்லை. கியர்க் கம்பிலிருந்து தூரக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டும் தெரியேல்லயே?"

"இடது கண் ஐயா. இடது கண்."

செக்கர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் பார்த்தார். "ஓமடாப்பா" என்றார் மெதுவாக. "சின்னன்தான். கருஞ்சிவப்புத்தான்."

யன்னலிலிருந்து சாட்சி அண்ணை அறிக்கை வாசித்தார். இரண்டாம் தரம் நிசாம் நானா வாசித்தார். மூன்றாம் தரம் மதர். தடை அறிந்தவர் ஒருவரும் இல்லை. முடியவும் கூட்டம் சிவப்பாக எழும்பியது. எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே போனது. எல்லோரும் திரும்ப ஏறினோம். கடமை தவறாத செக்கர், இறங்கியவர்கள் ஏறினால் புது ரிக்கற் என்றார். ஒருவரும் முறுமுறுக்காமல் எடுத்தோம்.

அந்த அட்டையில் முதல் வரியில் குருவியின் பெயரை மதர் கொட்டை எழுத்தில் எழுதினார். முதல் கையெழுத்து செக்கருடையது. கீழே அவர் தானாகவே சேர்த்தது: 'பெயின்ற் அல்ல.'

பதில் வரச் சுணங்கியது. வந்ததும் அதில் ஒரே வரிதான் இருந்தது: 'ஏற்றுக்கொண்டோம்.' அதைச் சாட்சி அண்ணை றைவர் இருக்கைக்கு மேலே, அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். பஸ்ஸில் ஏறுகிற புது ஆட்கள் அந்தோனியாரைக் கும்பிடும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அவர் தடுக்கவில்லை.

போன கிழமைக்கு வருகிறேன். பஸ் நிலையத்தில் நின்று பார்த்துவிட்டு, பஸ் வந்த வழியே தேடிப் போவோம் என்று ஓட்டோ பிடித்துத் தாம்போதிக்கு ஓடினேன். நடுவில், கம்பத்தில் சாய்ந்தபடி என் மகள் நின்றாள். போனில் சார்ஜ் இல்லையாம். அடிப்பதற்குக் கை எழும்பிவிட்டது.

"கத்தாதேங்கோ அம்மா, பறந்திடும். கூட்டத்துக்குள்ள ஒண்டு சின்னனா நிக்குது. அதுதான் இறங்கினனான்."

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "கூட ஆர் கண்டது?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

"தள்ளி நில்லு" என்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோசத்தில் இடது கண்ணால் பார்த்தேன். நின்றது. இரண்டு பேர் கண்டோம்.

வீட்டுக்கு வரும் வழியில் சாட்சி அண்ணையின் கதையை முழுவதும் சொன்னேன். "அவர் இப்ப எங்க அம்மா?" என்றாள்.

யுத்தத்தில் நாங்கள் ஆளுக்கொரு திசையாகக் கலைந்தோம். மடு முகாமில் இருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார், சாட்சி அண்ணை கடல் கடந்து போன இடத்தில் செத்து மோசம் போய்விட்டாராம். "நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம் தங்கச்சி, நான் கண்டனான்" என்றார். "வேற ஆர் கண்டது?" என்றேன். யோசித்துப் பார்த்து, "நான் ஒருத்தன்தான்" என்றார்.

ஒருத்தர் மட்டும் கண்டது. நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.