ஆறு விதைக்காயும் பதினாறு பங்காளர்களும்

உழுகிறவனுக்கும் உண்கிறவனுக்கும் நடுவில் ஆதிகாலம் முதல் இருந்துவந்த பள்ளத்தைத் தூர்த்து மேடாக்கிய பெருமை, ஐம்பத்தெட்டாம் ஆண்டில் திண்டிவனத்தில் வசித்த பதினாறு பேரையே சேரும். மற்ற ஊர்க்காரர்கள் அப்போது கடையில் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், விவரம் போதாதவர்கள்.

அந்தப் பதினாறு பேரும் கூடித் தொடங்கியதுதான் 'திண்டிவனம் நகரவாசிகள் விளைபொருள் பங்காளர் சங்கம்'. தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி தேவநாதன். முப்பது வருஷம் பிறத்தியார் நிலத்தை அளந்தே பழுத்த கண் அவருக்கு. காரியதரிசி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் விருத்தாசலம். கொள்கை எளிமையானது. பருவத் தொடக்கத்திலேயே ஒரு விவசாயிக்குச் சந்தாவைக் கொடுத்துவிட வேண்டியது. பருவம் முடியும்வரை வாரம் ஒரு கூடைக் காய்கறி வீடு தேடி வர வேண்டியது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் 'லாப நட்டம் இரண்டிலும் சமபங்கு'. இந்தக் கடைசி வாசகத்தை எழுதி முடித்தபோது தேவநாதனுக்கே கண் கலங்கிவிட்டதாகச் சொல்வார்கள்.

இத்தனை பெரிய பாக்கியம் தேடிப்போய் விழுந்த இடம், பிரம்மதேசம் போகும் ரோட்டோரத்தில் ஒன்றேகால் ஏக்கர் தோட்டக்கால் வைத்திருந்த அப்பாதுரையின் தலை.

அப்பாதுரை அப்போது எதற்கும் 'சரிங்க' என்று சொல்லும் நிலையில் இருந்தார். முந்தின ஆவணியில் அவர் மனைவி பாஞ்சாலி நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். யாராவது ஓர் ஆள் வந்து உட்கார்ந்து பேசினால் போதும் என்றிருந்தது அவருக்கு. பதினாறு பேர் வந்து பேசினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பாஞ்சாலி விட்டுப்போனவற்றில் முக்கியமானது ஒரு சுரைக்குடுவை. அதற்குள் சாம்பலில் புரட்டி வைத்த கத்தரி விதை. வெள்ளை வரி ஓடிய ஊதாக் காய்; காம்பில் முள் அதிகம், வாயில் கசப்பு கிடையாது. கசந்த செடியைப் பிடுங்கி எறிந்து, ருசித்த செடியில் மட்டும் விதைக்குக் காய் விட்டு, பன்னிரண்டு வருஷமாக அவள் பொறுக்கிச் சேர்த்த விதை அது. அவள் போன வருஷம் வீட்டில் யாருக்கும் விதைக்காய் விடத் தோன்றவில்லை. குடுவையின் அடியில் மிஞ்சியது ஒரு சிட்டிகை. தை மாதம் அப்பாதுரை அதை முழுக்க ஒரு பாத்தியில் தூவினார். முளைத்து நின்றவை மூன்றே செடிகள். மற்ற பாத்திகளில் வாங்கி நட்ட நாற்று.

மூன்று செடியிலும் இரண்டிரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விட்டார். பாஞ்சாலியின் பழஞ்சேலையைக் கிழித்து ஒவ்வொரு காம்பிலும் கட்டினார். துணி கட்டிய காய் விதைக்காய். அதை ஆடு மேய்க்கிறவன் தொடமாட்டான். காய் திருட வருகிறவன்கூட அதை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவான். அவ்வளவு படிப்பறிவில்லாத ஊர் அது.

சங்கமோ படித்தவர்களின் சங்கம். வாரம் ஒரு முறை கூடி, காய்கறிகளின் நடத்தையை ஆராய்ந்தது. வெண்டைக்காய் வளைந்திருப்பதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம். பங்குனியில் முட்டைக்கோஸ் ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஓர் உறுப்பினர் வீட்டுக் கத்தரிக்காயில் புழு இருந்ததாகப் புகார் வந்தபோது விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. 'புழு சந்தா செலுத்தாதபடியால் அதற்குப் பங்கு பெறும் உரிமை இல்லை' என்று ஏகமனதாக முடிவாயிற்று. தீர்மானத்தின் நகல் அப்பாதுரைக்கு அனுப்பப்பட்டது, புழுவுக்குத் தெரிவிக்கும்படி.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மண் தொடும் நாள்' கொண்டாடப்பட்டது. பங்காளர்கள் தம் மண்ணைத் தம் கையால் தொட வேண்டும் என்பது தலைவரின் கனவு. நான்கு குதிரை வண்டிகளில் ஜமக்காளம், குடை, கூஜா சகிதமாகப் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். வரப்பில் வரிசையாக நின்று, குனிந்து, மண்ணைத் தொட்டார்கள். பிறகு கை கழுவ நாலு குடம் தண்ணீர் கேட்டார்கள்.

"அப்பாதுரை, மண்ணைத் தொட்டதுல நாக்கு வறண்டுபோச்சு. இளநி கிடைக்குமா?" என்றார் தேவநாதன்.

"தெக்கால கொல்லையில மரம் இருக்குதுங்க. ஜல்தியா எறக்கிக்கினு வர்றேன்" என்று அப்பாதுரை அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்த பிறகுதான், அளந்தே பழுத்த அந்தக் கண்ணில் மூன்று செடிகள் பட்டன.

"வாத்தியாரே, இங்க வாங்க. இந்தக் காயோட சைஸைப் பாருங்க. நம்ம கூடையில இப்படி ஒண்ணாவது வந்திருக்கா?"

விருத்தாசலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுகூட இல்லை. அதுவும் அடையாளத் துணி வேற கட்டி வெச்சிருக்கு."

"தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கான். சமபங்குன்னு கையெழுத்துப் போட்ட கை அது."

களை பிடுங்கிக்கொண்டிருந்த சின்னபொண்ணு எழுந்து வந்தாள். பாஞ்சாலி இருந்த நாள் முதல் அந்தத் தோட்டத்தில் கூலிக்கு வருகிறவள். "ஐயா, அது வெதக்காய்ங்க. பறிக்கக்கூடாது. துணி கட்டிக்கீது பாருங்க."

"துணி கட்டினா காய் இல்லைன்னு ஆயிடுமா?"

"காய்தாங்க. ஆனா திங்கிற காய் இல்லீங்க. மஞ்சளாப் பூட்டுது, தெரியல? தின்னா கசக்கும்."

"பாத்தீங்களா வாத்தியாரே. கசக்கும்னு சொல்லிக் கொடுத்திருக்கான்."

"அவரு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. எனக்கு வாய் கீது" என்றாள் சின்னபொண்ணு.

"நீ சங்க உறுப்பினரா?" என்று கேட்டார் விருத்தாசலம், வகுப்பில் கேட்கிற குரலில்.

"நான் களை புடுங்குறவங்க."

உறுப்பினரல்லாதவரின் கருத்து குறிப்பேட்டில் ஏறவில்லை. ஆறு காயும் பறிக்கப்பட்டன. இங்கேதான் சங்கத்தின் நேர்மையை நாம் மெச்ச வேண்டும். வேறு கூட்டமாக இருந்தால் வந்த பதினோரு பேரே சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இவர்களோ வராத ஐந்து பேரையும் மறக்கவில்லை. கணக்கு வாத்தியார் பேனாக்கத்தியை விரித்து, ஒவ்வொரு காயையும் எட்டாகக் கீறினார். ஆறெட்டு நாற்பத்தெட்டு. தலைக்கு மூன்று துண்டு. ஒரு துண்டு கூடவில்லை, குறையவில்லை. தலைவர் தம் பங்கைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்பாதுரை இளநீர்க் குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெறும் காம்புகளைப் பார்த்தார். காகிதப் பொட்டலங்களைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாருக்கும் சமமா" என்றார் தேவநாதன்.

கீழே கிடந்த ஆறு துணித் துண்டுகளையும் அப்பாதுரை பொறுக்கினார். மண்ணை உதறி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "எளநி சீவட்டுங்களா?" என்று கேட்டார்.

வண்டிகள் போனதும் சின்னபொண்ணு பிடித்துக்கொண்டாள். "இன்னா மனுசன் நீ. கையில அருவா இருந்திச்சு, எளநி சீவிக் குடுத்துக்கினு நிக்கிற. அக்கா இருந்திருந்தா பதினோரு பேரும் வண்டி ஏறியிருப்பாங்களா?"

"அவ இருந்திருந்தா துணி கட்டியிருக்கவே மாட்டா" என்றார் அப்பாதுரை. "வெதக்காயாண்ட அவளே நின்னுக்கினு இருப்பா."

மறுநாள் கூடை போடும் நாள் இல்லை. இருந்தும் அவர் திண்டிவனம் போனார். பதினாறு வீட்டுக் கொல்லை வாசலிலும் நின்று, "நேத்து குடுத்த கத்தரித் துண்டுல வெதை எதுனா மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். பதினைந்து வீட்டில் குழம்பாகிவிட்டது. பதினைந்து வீட்டிலும் கசந்தது என்று சொல்லி, மாற்றுக் காய் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

பதினாறாவது வீடு விருத்தாசலத்தினுடையது. அவர் மனைவி கிருஷ்ணவேணி, "சமைக்கலீங்க பெரியவரே" என்றாள். "அறுத்துப் பாத்தா உள்ள ஒரே வெதை. இதை யாரு திம்பாங்கன்னு துணி தொவைக்கிற கல்லாண்ட கொட்டினேன். கோழி கெளறிக்கினு இருந்திச்சு."

கல்லைச் சுற்றி அப்பாதுரை மண்டியிட்டுத் தேடினார். சோப்பு நுரையும் கோழி எச்சமும்தான் இருந்தன.

சங்கத்திடம் முறையிட்டார். சங்கம் முறையீட்டை மதித்து விசேஷக் கூட்டம் போட்டது.

"உமக்கு இதுல என்ன குறைன்னு புரியலை" என்றார் தேவநாதன். "லாப நட்டத்துல சமபங்குன்னு சொன்னோம். ஆறு காயும் கசந்துபோச்சு. கசப்பைப் பதினஞ்சு குடும்பம் சமமா அனுபவிச்சிருக்கு. நட்டத்துல இதைவிடப் பங்கு எப்படி எடுத்துக்கிறது?"

"நட்டம் அது இல்லீங்க. வெதை பூட்டுது. மூணு செடியும் ஓஞ்சுபூட்டுது, இனிமே காய்க்காது. அடுத்த பருவத்துக்கு அந்தக் கத்தரி கெடையாது."

"அடுத்த பருவம் அஜெண்டாவில் இல்லை" என்றார் விருத்தாசலம்.

ஆனி பிறந்ததும் இரண்டு நாள் மழை பிடித்தது. மாதக் கடைசியில் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிய அப்பாதுரையைக் கிருஷ்ணவேணி கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். "கல்லாண்ட என்னமோ மொளைச்சிருக்கு பெரியவரே. கீரைன்னு புடுங்கப் போனேன். எலையில முள்ளு குத்திச்சு."

குனிந்து பார்த்தார். எட்டு நாற்றுகள். இலை நரம்பில் ஊதா ஓடியிருந்தது. நடுநரம்பில் வரிசையாக முள். சோப்புத் தண்ணீர் குடித்து, கோழிக்குத் தப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவர் தொடவில்லை.

"இதானா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"இதாம்மா."

"எடுத்துக்கினு போங்க. மண்ணோட பேத்துத் தர்றேன்."

கடப்பாரை எடுக்க அவள் திரும்பவும் காரியதரிசி வீட்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"நில்லு" என்றார் விருத்தாசலம். "இது என்ன துண்டுல இருந்து முளைச்சது? சங்கம் எனக்கு வழங்கின துண்டு. அப்போ இது சங்கத்தோட விளைபொருள். உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுக்க விதி இல்லை."

"நான் குப்பைன்னு கொட்டினதுங்க அது."

"குப்பை உன்னுது. முளைச்சது சங்கத்துது."

ஆடி முதல் வாரத்தில் பொதுக்குழு கூடியது. துவைக்கிற கல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவிலுள்ள ஆறடிக்கு நாலடி நிலம் சங்கத்தின் 'முதல் சொந்தப் பண்ணை' என்று அறிவிக்கப்பட்டது. உறுப்பினரல்லாதார் உள்ளே வரக்கூடாது என்று பலகை நட்டார்கள். அன்றிலிருந்து கிருஷ்ணவேணி துணி துவைப்பதற்கு ஓர் உறுப்பினர் உடனிருக்க வேண்டியதாயிற்று.

அப்பாதுரை பலகைக்கு வெளியே இரண்டு நாள் நின்று பார்த்தார். யார் எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று உபகுழு இன்னும் முடிவு செய்யவில்லை. நாற்று தலை தொங்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் கிருஷ்ணவேணி பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். "உறுப்பினர் படிவம். அவரு மேசையிலேர்ந்து எடுத்தேன். எழுதிடுங்க பெரியவரே. எழுதிட்டா உங்களை யாரும் வெளியில நிறுத்த முடியாது."

"வெள்ளாமை பண்றவன் நானு. என் கத்தரிக்கு நானே சந்தா கட்டணுமாம்மா?"

"சட்டம் பேசினா செடி காஞ்சிபூடும்."

அவர் நாலாவது வரை படித்தவர். சுவரில் காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டி எழுதினார். பெயர், ஊர், தகப்பனார் பெயர். கடைசியில் 'சேரும் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தம் படிவத்தில் அந்த இடத்தில் தேவநாதன் 'தேச சேவை' என்று எழுதியிருந்தார். விருத்தாசலம் 'உழவர் முன்னேற்றம்'. அப்பாதுரை வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார்.

அன்று முதல் அவர் ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொண்டு அந்த எட்டுச் செடிக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தைச் சின்னபொண்ணு பார்த்துக்கொண்டாள். செடி பூத்தது, காய்த்தது. 'காய் எப்போது பங்கு?' என்று கேட்டு வந்த உறுப்பினர்கள், பதினேழாவது உறுப்பினர் மடியில் அரிவாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பொறுத்திருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். கார்த்திகையில் விதை முற்றியது.

சங்கத்தின் முதலாம் ஆண்டு விழாவில் தேவநாதன் அந்தப் படிவத்தைக் கையில் பிடித்து உயர்த்திக் காட்டினார். நம் சங்கத்தின் மேன்மையைக் கண்டு ஒரு விவசாயியே சந்தா கட்டிச் சேர்ந்த அதிசயம் வேறெந்த நாட்டிலும் நடந்ததில்லை என்றார். நோக்கம் என்ற கட்டத்தில் அப்பாதுரை எழுதியிருந்த 'காவல்' என்ற சொல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி, குரல் தழுதழுக்க இரண்டு முறை வாசித்தார். பதினாறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

யாரிடமிருந்து என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.