பொட்டுக்கடலை, ஏழு மில்லிமீட்டர்

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆனவனை எங்கேயும் தனியாக அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதம் அவனிடம் பயம் இருக்கும். ஒரு வருடம் போனால் கொஞ்சம் அறிவு வந்துவிடும். நடுவில் இரண்டும் இருக்காது. அப்படி இரண்டும் இல்லாத காலத்தில்தான் நான் ஒரு லாரி டிரைவரின் முதுகு ஆபரேஷனைப் பொரிகடலையால் நிறுத்தப் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது கம்பெனி. முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிப் பெட்டியை ஆஸ்பத்திரியில் கொடுப்பது, ஆபரேஷன் நடக்கும்போது தியேட்டர் மூலையில் நின்று "அடுத்தது இதுங்க சிஸ்டர்" என்று சொல்வது, முடிந்ததும் பெட்டியைத் திரும்ப எடுத்து வருவது, இவ்வளவுதான் என் வேலை. (ஊரில் நான் சொல்லிக்கொண்டது வேறு. டாக்டருக்கு ஒரு சந்தேகம் என்றால் என் முகத்தைத்தான் பார்ப்பார் என்று நாமகிரிப்பேட்டை சொந்தக்காரர்கள் வரை நம்ப வைத்திருந்தேன்.)

பெட்டியில் இருந்த நாற்பத்திரண்டு சாமான்களில் என் செல்லம் டிஸ்ட்ராக்டர். பார்த்தால் இடுக்கி மாதிரி இருக்கும். ஆனால் பிடியை அமுக்கினால் வாய் மூடாது, திறக்கும். ஜவ்வு தேய்ந்துபோய் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்ட இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே அதைக் கொடுத்து மெல்ல அமுக்குவார்கள். பிடியில் உள்ள பற்கள் 'டிக் டிக்' என்று விழுந்து, விரித்த இடத்திலேயே நிறுத்திவைக்கும். கிடைத்த இடைவெளியில் உலோகத்தாலான சின்னக் கூண்டு ஒன்றை வைத்துவிடுவார்கள். அதில் ஏழு மில்லிமீட்டர், எட்டு, ஒன்பது என்று அளவுகள் உண்டு.

அந்தக் கூண்டு வைக்கப்பட வேண்டியவர் செல்வராசு மாமா. சொந்த மாமா இல்லை. நாமக்கல்லில் என் அப்பா நடத்தும் லாரி ஸ்பிரிங் பட்டறைக்குப் பல வருடமாக வரும் டிரைவர். முதுகு வலியால் எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். ஆபரேஷன் என்றாலே நடுங்கிய மனிதர், "உள்ளுக்குள்ள நம்ம மாப்ள நிப்பாப்லல்ல, அப்பறம் என்னுங்க?" என்று என்னை நம்பித்தான் ஒப்புக்கொண்டார். நல்ல நாள் என்று விஜயதசமியைக் கேட்டு வாங்கியவரும் அவரே. டாக்டர் அன்று காலை சேலத்திலிருந்து வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் ஆயுதபூசை. மேனேஜர் என்னிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "பெட்டியை நேரா ஆஸ்பத்திரியில குடு. அவங்க கழுவி, ஸ்டெரிலைஸ் பண்ணணும். அதுக்கப்பறம் வீட்டுக்குப் போ."

நாமக்கல்லில் இறங்கியபோது மணி பத்து. ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், பட்டறைக்கு வலது பக்கம். அஞ்சு நிமிஷம் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று வலது பக்கம் திரும்பினேன்.

பட்டறையில் வாழையிலை போட்டு ஜாக்கி, சம்மட்டி, ஸ்பேனர் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பா என் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, இதெல்லாம் உன்ர ஆயுதமா?"

"ஆமாங்கப்பா, என்ர ஆயுதந்தான்" என்றேன். (கம்பெனியின் ஆயுதம். என் பெயரில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.)

"அப்ப பூசையில வெய்யி."

அந்த இடத்தில் 'ஆகாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய சம்மட்டிக்கும் ஜாக்கிக்கும் நடுவே என் பெட்டியிலிருந்த கருவித் தட்டு ஏறி உட்கார்ந்தது. பெருமையில் போட்டோவும் எடுத்தேன். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. நாற்பத்திரண்டு சாமானுக்கும் தனித்தனியாக விபூதி, சந்தனம், குங்குமம் வைத்தார். உள்ளே ஓட்டை இருந்தவற்றுக்கு ஓட்டைக்குள்ளும் விரலை விட்டு வைத்தார்.

செல்வராசு மாமா லாரியின் பின்கதவில் சாய்ந்தபடி டிஸ்ட்ராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்க வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இதுல ஒண்ணும் இல்ல செல்வராசு. ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல ரப்பரு தேஞ்சு போச்சு. பிரிச்சு, புதுசு வெச்சு, போல்ட்டு முடுக்கறாங்க. நாம தெனம் பண்ற வேலதான்." மூன்று மாதப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததும் ஏறக்குறைய இதுதான். மாமா டிஸ்ட்ராக்டரின் முன்னால் கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டார். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் பொரியையும் கடலையையும் அள்ளி ஆயுதங்களின் மேல் தூவினார்கள். நானும் இரண்டு கை தூவினேன்.

அப்புறம் சாப்பாடு, வடை, பாயசம். மூன்று மணிக்கு மேனேஜரின் போன் வந்தது.

"பெட்டி குடுத்துட்டியா? தியேட்டர் சிஸ்டர் கேக்கறாங்க."

"குடுத்துக்கிட்டே இருக்கேன் சார்."

ஓடிப்போய்த் தட்டில் கை வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூசையில வெச்சத மறுபூசை ஆகாம எடுக்கப்படாது. காலைல எடுத்துக்க."

"காலைல மாமாவுக்கு ஆபரேசனுங்கப்பா!"

"டாக்டரு ஊட்லயும் பூசை போடுவாங்கல்ல? சொன்னாப் புரிஞ்சுக்குவாரு."

"அப்ப ஆபரேசன் இல்லீங்களா?" என்று செல்வராசு மாமா கேட்டார். அந்தக் கேள்வியில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது. நாளைக்குத் தப்பித்தால் இந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார். காலமெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுவார். எல்லாம் நான் வலது பக்கம் திரும்பியதால். நிஜமாகவே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாதான் வழி சொன்னார். "ஏனுங்க, அந்த மறுபூசைய இப்பவே போட்டுட்டா என்னுங்க?"

அப்பா காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார், யோசித்தார், சம்மதித்தார். தேங்காய் ஒன்றை எடுத்து, சரியாக என் தட்டுக்கு மேலே பிடித்து உடைத்தார். நல்ல தேங்காய். நிறையத் தண்ணீர் இருந்தது.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்தவர் அருள்மேரி சிஸ்டர். சேலத்துக்காரர், தியேட்டருக்கு அவர்தான் பொறுப்பு. தட்டை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். டிஸ்ட்ராக்டரை எடுத்து அமுக்கினார். திறந்தது. மூடவில்லை. பற்களுக்கு நடுவே அம்மாவின் சந்தனம் காய்ந்திருந்தது. சிஸ்டர் அதை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். வாயிலிருந்து ஒரு பொட்டுக்கடலை விழுந்து உருண்டது.

சிஸ்டர் ஸ்கேல் எடுத்து வந்து அதை அளந்தார்.

"ஏழு மில்லிமீட்டர். உங்க கம்பெனியில புதுசா வந்த சைஸா தம்பி?"

சிஸ்டர் போனை எடுத்தார்.

"டாக்டருக்குப் போன் பண்ணி ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வலது பக்கம் திரும்பியது, செல்வராசு மாமாவின் பயம், தள்ளி வைத்தால் அவர் ஓடிவிடுவார் என்பது, மறுபூசை, தேங்காய். தேங்காய் வந்த இடத்தில் சிஸ்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ரப்பர் ஏப்ரன், கையுறை, சோப்புத் தண்ணீர், புது டூத்பிரஷ் ஒன்று எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தார்.

"எல்லாத்தையும் தேய்ங்க. நான் லென்ஸ் வெச்சுப் பாப்பேன். ஒரு பொட்டு தெரிஞ்சாலும் ஆபரேஷன் கிடையாது."

மூன்று மணி நேரம் தேய்த்தேன். குங்குமம் கரைந்து தொட்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. தரை பெருக்க வந்த ஆஸ்பத்திரி ஆயா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, ஆபரேசன் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று நெஞ்சில் கை வைத்தார். சிஸ்டர் லென்ஸில் பார்த்துப் பதினொன்றைத் திருப்பி அனுப்பினார். மறுபடி தேய்த்தேன். அப்புறம் நான்கு. அப்புறம் அந்த டிஸ்ட்ராக்டர் மட்டும் மூன்று முறை. ஏழு மணிக்கு 'டிக் டிக்' என்று திறந்து, 'டக்' என்று மூடியது. உயிரே அப்போதுதான் வந்தது. ஸ்டெரிலைசரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் போட்டார்கள்.

மறுநாள் ஆபரேஷன் நன்றாக நடந்தது. டாக்டர் டிஸ்ட்ராக்டரைக் கையில் வாங்கி, "செட் பளபளன்னு இருக்கே, புதுசா?" என்று கேட்டார்.

"இல்ல சார். தம்பி ரொம்ப பக்தியா கழுவினாரு" என்றார் சிஸ்டர்.

நான் தியேட்டர் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது சிஸ்டர் அந்த டூத்பிரஷை ஒரு கவரில் போட்டு, மாமாவைப் பார்க்க வந்திருந்த அப்பா பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் கொடுத்தார். "இதுதான் தம்பி உங்க ஆயுதம். பத்திரமா வெச்சுக்குங்க." (மேனேஜருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் எடுத்த போட்டோவை அம்மா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். ஒரு மாதம் என்னை ஆபீசை விட்டு வெளியே விடவில்லை.)

செல்வராசு மாமா இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார், லாரியும் ஓட்டுகிறார். ஆயுதபூசைக்குத் தவறாமல் எக்ஸ்ரே கவரோடு வந்துவிடுவார். அதில் வெள்ளையாகத் தெரியும் கூண்டைக் காட்டி, "பாருங்க, இதுதான் அந்தப் பொட்டுக்கடல" என்று புதிதாக வரும் டிரைவர்களிடம் சத்தியம் செய்வார். அப்பா மறுக்க மாட்டார்.

நான் இன்று அதே கம்பெனியில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் மேனேஜர். பட்டறை வாழையிலையில் பெரிய சம்மட்டிக்கும் ஜாக்கிக்கும் நடுவே என் பங்குக்கு வருடா வருடம் அந்த டூத்பிரஷ்தான் இருக்கிறது. அம்மா அதற்கும் விபூதி, சந்தனம், குங்குமம் வைக்கிறார். மறுபூசை ஆகாமல் அதை எடுக்க அப்பா இன்றும் விடுவதில்லை.