ஊற வைத்த லேபிள்கள்

"ஐயோ, இதுல எது மூலத்துக்கு, எது நாய் உண்ணிக்கு?"

அப்பாவின் நாட்டு மருந்துக் கடையில் நின்று செர்வா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அறுபது புட்டிகளின் லேபிளும் கழன்று செத்த மீன் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. புட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. உள்ளேயும் ஒரே பழுப்புத் தண்ணி.

காலையில் ரேடியோ கேட்டதும் அப்பாதான் பதறினார். "இன்னிக்குக் குமாசிச் சந்தைக்கு அதிகாரிங்க வர்றாங்களாம். நோய் தீரும்னு எழுதியிருந்தா கடைக்கு சீல்தான். எல்லா லேபிளையும் ஊறவெச்சுக் கிழிச்சிடு!" சொல்லிவிட்டுக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு சாவுக்குக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமை சாவுக்குப் போகாதவனைக் குமாசியில் யார் மனுஷனாக மதிக்கிறார்கள்?

வகைவகையாகப் பிரித்து ஊற வை என்று அவரும் சொல்லவில்லை. பதினாறு வயசுக்குத் தோன்றவும் இல்லை.

மோந்து பார்த்தாள். எல்லாம் ஒரே நாற்றம். நக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கசப்பு. மூணு வருஷமாக அவளை வகுப்பில் முதலாவதாக வைத்திருந்த ஞாபகசக்தி மருந்தைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பயத்தில் நாக்கு செத்துப்போச்சு என்றே நினைத்தாள்.

அதுவரை வருகிறவர்களுக்கு எதையாவது விற்க வேண்டுமே, அதிகாரி வந்தால் உருவிவிடலாம் என்று கடைசியில் குத்துமதிப்பாகப் பிரித்து, 'மூலம்', 'முடி', 'ஞாபகசக்தி', 'நாய் உண்ணி' என்று நோட்டுத்தாளில் எழுதி, புட்டிகளில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டினாள். மேஜைக்கடியில் அவர்கள் வீட்டு நாய் வரட் வரட்டென்று சொறிந்துகொண்டிருந்தது.

மினிபஸ் டிரைவர் அடுசே கால்களை அகட்டியபடி வந்தார். "தங்கச்சி, சீட்ல உக்கார முடியல. மூலத்துக்கு ஒண்ணு குடும்மா."

'மூலம்' என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் ஃபைலும் கையுமாக அதிகாரி அம்மா நின்றிருந்தார்.

"அட, லேபிளெல்லாம் சுடச்சுட இருக்கே! யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்..."

"ரொம்ப நல்லதாப் போச்சு. மத்த கடையில அச்சடிச்சவனைத் தேடி அலையறேன். நீ கைப்படவே எழுதிக் குடுத்துட்டே."

அடுசே மூடியைத் திருகிப் புட்டியை வாய்க்குக் கொண்டுபோனார். இனி வாயையும் திறந்தால் அப்பாவின் கடை அடியோடு போச்சு. திறக்காவிட்டால் இந்த ஆள் போயிடுவார்.

"அண்ணே, குடிக்காதீங்க! அது நாய் மருந்தாக்கூட இருக்கும்!"

"நாயா?"

"எல்லாம் கலந்துபோச்சு மேடம்! எது எதுன்னு எனக்கே தெரியல! கடையை மூடிக்கோங்க, இவரைக் காப்பாத்துங்க!"

பின்கட்டில் கஷாயம் கிண்டிக்கொண்டிருந்த கொனாடு அத்தை, துடுப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"எதுக்குடி இந்த ஊளை? குடிக்கட்டும் விடு, நாலும் ஒரே பானைதான். அது கிடக்கட்டும், பள்ளிக்கூடத்துல முதலாவதா வர்றவதானே, இதைச் சொல்லு: அந்தத் தண்ணியைக் குடிச்சு உனக்கு மூணு வருஷமா முதல் ராங்க் வருது, அதுலயே தினம் குளிக்கிற நாய்க்கு மட்டும் ஏன்டி உண்ணி போகல?"