மாப்பிள்ளைக்கு எடுத்த ஈசிஜி

பதற்றம் வந்தால் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். கலியாணம் முடித்த மூன்றாம் மாதமே இது என் மனைவி வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மாமா வீட்டில் ராசா மாதிரி இருந்தேன். (வேலையில்லாத ராசா.) நான் கதிரையில் இருந்தால் மாமா என் முன்னால் சாய்ந்துகூட இருக்கமாட்டார். புது மாப்பிள்ளைக்கு அவ்வளவு மரியாதை.

யுத்த காலம் அது. ஒரு நாள் காலை வயலிலிருந்து வந்த மாமா நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றார். வியர்வை ஊற்றியது. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கிருந்த ஒரேயொரு டொக்டர் அஸ்பிரின் குளிசையைக் கொடுத்துச் சப்பச் சொன்னார்.

"ஹார்ட் அட்டாக் மாதிரிக் கிடக்கு. ஆடாம அசையாமப் படுக்கட்டும். அம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கன்."

நான் விடுவேனா? "சேர், டவுன் பெரியாஸ்பத்திரியில டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே படிப்பிக்கிறாங்க. நீங்க ஒரு குளிசையோட முடிச்சிட்டீங்களே!" என்று பிரசங்கம் வைத்துவிட்டு, அவர் தடுக்கத் தடுக்க மாமாவை ஓட்டோவில் ஏற்றினேன்.

வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். அது அக்கரையில் நின்றது. அது வந்து, நாங்கள் கடந்து, ஆமிக்காரர் அடையாள அட்டை பார்த்து முடிவதற்குள் எனக்குக் கண் இருண்டது. மாமாவுக்கு ஏதாவது நடந்தால் அதற்கு நான்தான் காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. மாமாவோ நிமிர்ந்தே இருந்தார்.

"சாஞ்சு படுங்க மாமா."

"நீங்க இரிக்கக்குள்ள நான் படுக்கிறதா மகன்?"

பெரியாஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டில் வந்தது. நான் தள்ளாடுவதைக் கண்ட மாமா, "முதல்ல மாப்பிள்ளையப் பாருங்க" என்றார். என்னைத் தூக்கிக் கிடத்திவிட்டார்கள். (அந்த நேரம் பார்த்து என் வாயும் என்னைக் கைவிட்டது.) சட்டையைக் கழற்றி ஈசிஜி வயர் பூட்டினார்கள். சுற்றிவர வெள்ளைக் கோட்டு மாணவர்கள் பத்துப் பேர்.

அதில் ஒரு பெண்பிள்ளை மட்டும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

"எனக்குத்தானம்மா நெஞ்சு நோ. அவர் என்ட மருமகன்."

அடுத்த கணம் நான் தரையில் நின்றேன், வயரோடு.

மாமா பிழைத்தார். பின்னேரம் பெரிய டொக்டர் சொன்னார்: "முதல்ல சப்பக் குடுத்த குளிசை நல்லா உதவியிருக்கு. நீர் இவரை இப்பிடி இழுத்துக்கொண்டு வந்ததுதான் பிழை." சின்ன ஆஸ்பத்திரி குளிசை கொடுத்தது, பெரியாஸ்பத்திரி கேள்வி கேட்டது, இரண்டுக்கும் குறுக்கே விழுந்து கிடந்தது நான். விறாந்தையில் நின்று அழுதேன். அடுத்த கிழமை சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இன்றைக்கும் வீட்டில் யாருக்குத் தும்மல் தடிமன் வந்தாலும், "முதல்ல மாப்பிள்ளையப் பாருங்க" என்று சிரிப்பார்கள். போன வருசம் எனக்கே உண்மையான நெஞ்சு நோ வந்தது. அதே சின்ன ஆஸ்பத்திரியில் குளிசையைச் சப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அம்புலன்ஸுக்குக் காத்துக் கிடந்தேன். எண்பது தாண்டிய மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். அவர் நிற்க நான் கிடப்பதா என்று எழும்பப் பார்த்தேன். தோளில் கைவைத்து அமர்த்தினார்.

"படுங்க மகன். இந்த முறை கட்டில் உங்கடதான்."