மாப்பிள்ளையை உறங்க வைத்தல்

கராம்பெண்ணெய் கரையவில்லை. தொட்டியின் மேல் மஞ்சளாக மிதந்தது. அடியில் மாப்பிள்ளை உறங்கும் எண்ணமே இல்லாமல் நீந்தினார்.

கல்பிட்டி மீன்பண்ணையின் ஒரே ஆண் கொடுவாவுக்கு எல்லாரும் வைத்த பெயர் அது. பொண்ணோடு சேர்த்து விட்டு ஒரு வருடம். குஞ்சில்லை. இந்த முறையும் இல்லாவிட்டால் தொட்டிகளை இறாலுக்கு மாற்றுவதாக முதலாளி அத்தாஉல்லா ஹாஜியார் சொல்லிவிட்டார். மீன்களைப் பராமரிக்கும் ஹில்மிக்குக் கொடுவாவைத் தவிர வேறு வேலை தெரியாது.

சிலாபத்திலிருந்து மாப்பிள்ளையைச் சோதிக்க வரும் ஜூலியானா மிஸ் தொலைபேசியில் விளக்கியிருந்தார். மீன் தண்ணீரைத்தான் சுவாசிக்கிறது. மயக்கமருந்தான கராம்பெண்ணெயும் தண்ணீர்வழிதான் போக வேண்டும். முதலில் எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துக்கொள்ளச் சொன்னார்.

"சாராயமா? என்ட பண்ணைக்குள்ளயா?" என்றார் ஹாஜியார்.

"மீனுக்குத்தான் ஹாஜி."

"அதுட குஞ்சுகளத் திங்கிறது ஆரு?"

ஹில்மி சுடுதண்ணீரில் கலக்கிப் பார்த்தான். சரிவரவில்லை. இன்னொரு போத்தல் எண்ணெயையும் ஊற்றித் துடுப்பால் அடித்தான். மாப்பிள்ளை கோபித்து வாலால் திருப்பி அடித்தார். அந்த அடியில் எண்ணெய் முழுவதும் பால்போலக் கலந்தது.

மாப்பிள்ளை உறங்கினார். வயிறு மேலே வந்தது. செவுள் நின்றது.

"இன்னா லில்லாஹி..." என்று ஹாஜியார் இறந்தவருக்கு ஓதத் தொடங்கினார்.

"இன்னும் மவுத்தாகல்ல ஹாஜி. பொறுங்க."

ஹில்மி மீனைத் தூக்கிக்கொண்டு மருந்து கலக்காத தண்ணீர்த் தொட்டிக்குள் உடுப்போடு இறங்கினான். செவுளுக்குள் தண்ணீர் ஓட, வாயைத் திறந்து பிடித்து முன்னால் தள்ளி நடந்தான்.

"மூச்செடுங்க வாப்பா. என்ட பிள்ளையள்ட சோறு நீங்க."

சற்று நேரத்தில் ஹாஜியாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வாலைப் பிடித்தார். இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

செவுள் ஒரு தரம் அசைந்தது. பிறகு இன்னொரு தரம். ஹில்மி நனைந்திருந்த முகத்தை மறுபடி கழுவிக்கொண்டான்.

மிஸ் வந்தபோது மாப்பிள்ளை பாதி மயக்கத்தில் இருந்தார். மெல்லிய குழாயை அவர் வயிற்றுக்குள் விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் மிஸ். மறுபடியும் பார்த்தார்.

"மாப்பிள்ளையில குறையொண்டும் இல்லையே மிஸ்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"கொடுவா வயசு போனா பொம்புளையா மாறும் ஹாஜியார், உங்கட மாப்பிள்ளைட வயிறு நிறைய முட்டை."