போர்வை அண்ணாச்சியின் பச்சை விரல்

சித்திரை வெயிலில், அதுவும் தூத்துக்குடியில், கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போர்வை அண்ணாச்சி. தொழில், கார் ஏ.சி. மெக்கானிக். ஊரையெல்லாம் குளிர வைத்துவிட்டுத் தான் மட்டும் வெந்துகொண்டிருப்பார்.

கம்பளிக்குக் காரணம் உண்டு. ஏ.சி. கேஸ் கண்ணுக்குத் தெரியாது. அதோடு ஒரு சாயத்தைக் கலந்து ஓடவிட்டால், கேஸ் கசிகிற இடத்தில் சாயமும் கசியும். நீல டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும். ஆனால் இருட்டு வேண்டுமே! பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? பானெட்டைத் திறந்து, மேலே கம்பளியைப் போட்டு, உள்ளே புகுந்துவிடுவார். கார்க்காரரும் கூடவே புக வேண்டும் என்பது அவர் சட்டம்.

"உம்ம வண்டிய உம்ம கண்ணால பாரும்வே. நாளப்பின்ன நான் பொய் சொன்னேன்னு சொல்லப்படாது."

விசைப்படகு முதலாளி ஒருவர் உள்ளே போய்ப் பச்சையைப் பார்த்ததும் "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாராம். வெளியே நின்றவர்கள் அண்ணாச்சி பங்குச்சாமியார் மாதிரிப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார் என்று கிளப்பிவிட்டார்கள்.

அந்தச் சாயம் அவர் விரலை விட்டுப் போகவே போகாது. ஒருநாள் மழை இருட்டில் கரண்டும் போக, டீக்கடையில் விழுந்த மூக்குக் கண்ணாடியைத் தேட நீல டார்ச்சை அடித்தார். கிளாஸ், பெஞ்சு, கல்லாப்பெட்டி எல்லாம் பச்சைக் கைரேகை. வடைத் தட்டில் ரேகை படாத வடை ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் அமுக்கிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார் என்பது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

"இனிமே நீரு தட்டுப் பக்கமே வராதேயும். நான் எடுத்துத் தாரேன்," என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அப்பாவால். இதய ஆபரேஷன் ஆனபின் மாதாமாதம் அவரைத் திருநெல்வேலிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். என் பழைய காரில் எத்தனை தடவை கேஸ் அடித்தாலும் சீக்கிரமே காணாமல் போய்விடும். போன தடவை வல்லநாடு தாண்டியதும் ஏ.சி. அனலைக் கக்கியது. கண்ணாடியை இறக்கினால் அதைவிட அனல். அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மர நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: "இனி நான் வர மாட்டேம்ல. வேணும்னா டாக்டர இங்கன வரச் சொல்லு."

வியாழக்கிழமை போயே ஆக வேண்டும். கேஸை மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கெஞ்சினேன்.

"கேஸு தானா தீராதுவே. ஓடித்தான் போவும். ஓடுன வழி தெரியாம நான் அடிக்க மாட்டேன். சரி, அப்பா எந்த சீட்ல உக்காருவாரு?"

"முன்னால, இடது பக்கம்."

"ஆபரேஷன் நெஞ்சுலயா? சளி, இருமல் உண்டா?"

"அண்ணாச்சி, லீக் வண்டிலயா எங்க அப்பாட்டயா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கம்பளிக்குள் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் போன். "கள்ளன் கெடச்சிட்டான்! ஓடி வாரும்!"

கம்பளிக்குள் புகுந்தேன். முன்னால் இருக்கிற, கேஸைக் குளிர வைக்கிற கண்டென்சர் முழுக்கப் பச்சை. "உப்புக் காத்து அரிச்சித் தின்னுட்டுவே!" என்று கடலைத் திட்டித் தீர்த்தார். புதுசு மதுரையிலிருந்து வர வேண்டும், நாளைக்குள் வராது. அந்த நேரம் பார்த்து என் சட்டையும் பச்சையாக மின்னியது.

"அண்ணாச்சி, நானும் லீக்கா?"

அண்ணாச்சி என் சட்டையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். பிறகு துணியால் கண்டென்சரைத் துடைத்தார். பச்சை போயே போய்விட்டது. அத்தனையும் அவர் விரல்!

"அட கூறுகெட்டவனே!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். இப்போது தலையும் பச்சை.

மூலை முடுக்கெல்லாம் துடைத்து, கையுறை மாட்டி, வண்டியை ஓடவிட்டு அணைத்து, மறுபடி புகுந்தோம். கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. எங்கே என்கிறீர்கள்? கேஸ் அடிக்கிற வாயிலேயே! உள்ளே இருக்கிற சின்ன வால்வு தேய்ந்து, மேல் மூடியும் காணோம். "அடிச்ச வழியாவே ஓடியிருக்கான் பாரும்!" என்று கம்பளி குலுங்கச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் வண்டி தயார். நீல டார்ச்சையும் கையில் திணித்தார். "ஒரு வாரம் ஓட்டிட்டு, நீரே ஒரு தடவ அடிச்சிப் பாரும்."

வியாழக்கிழமை அப்பா முனகிக்கொண்டேதான் ஏறினார். வல்லநாடு தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். ஏ.சி. என்றாலே இருமுகிறவர், அன்று ஒரு இருமல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து வீட்டுப் போர்வையோடு போய் பானெட்டைத் திறந்தால், அப்பாவும் போர்வைக்குள் புகுந்துவிட்டார். எஞ்சின் பக்கம் சுத்தம். "நான் உக்காருற எடத்தையும் பாப்பம்ல," என்று அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, போர்வையை இழுத்து எங்கள் இருவர் தலைக்கும் மூடினார். டார்ச்சை அடித்தேன். இடது பக்கம் காற்று வருகிற துவாரத்தில், பச்சையாக ஒரு பெருவிரல் ரேகை. காற்று அப்பாவின் நெஞ்சில் நேராக அடிக்காமல் தோளுக்கு மேலே போகும்படி, அந்தத் தகடுகளை அண்ணாச்சி திருப்பிவிட்டிருந்தார்.

பழக்கதோஷத்தில் துணியை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காதல. அது அங்கனயே இருக்கட்டும்."